மதுரையில் முதியோர் சொத்து, உயில் ஆலோசனைக்கு நாங்கள் போன வக்கீல் அலுவலகம்

அப்பாவுக்கு மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "இப்பவே பவர் எழுதி வாங்கிடு." பவர் என்றால், அப்பாவுக்குப் பதிலாக நாங்கள் காரியங்களைச் செய்ய அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அதற்காகத்தான் இந்த அலுவலகத்துக்குப் போனோம். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி என்பதால் பெயரைப் போடவில்லை.

வக்கீல் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசினார். "வீட்டை யாருக்கு என்ன செய்யணும்னு ஐயா வாயாலதான் வரணும்மா. நாளைக்கு யாராவது உயிலை எதிர்த்தா, பிள்ளைங்க பக்கத்துல நின்னு எழுத வச்சாங்கன்னுதான் முதல்ல சொல்லுவாங்க" என்றார்.

பிறகுதான் பவர் பேச்சு. ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் பவர் அத்தோடு முடிந்துபோகும். எந்தக் காலத்துக்காக அதை வாங்குகிறோமோ அந்தக் காலத்தில் அது செல்லாது! சிங்கப்பூரில் நினைவு தப்பிய பிறகும் நிற்கிற பவர் உண்டு. இங்கே அதற்குச் சட்டமே இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலும் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க வழி கிடையாது. அதற்குப் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பவர் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் தான செட்டில்மென்ட், அதாவது அப்பா இருக்கும்போதே சொத்தை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுப்பது, கேட்டான். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. செலவு குறைவுதான். ஆனால் உயிலைப் போல நினைத்தபோது மாற்ற முடியாது. பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் திரும்பக் கேட்கலாம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் மகனுக்குத் தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. நிபந்தனை எழுத்தில் இல்லாமல் தோற்ற வழக்கும் இருக்கிறது. அதனால் "சாப்பாடு, மருந்து, ஆள் வைத்துப் பார்ப்பது எல்லாம் பத்திரத்துக்குள்ளேயே வரணும்" என்று அடித்துச் சொன்னார்.

கடைசியில் அப்பா விரும்பியபடி பதிவு செய்த உயில்: அம்மா உள்ளவரை வீடு அவருக்கு, பிறகு எங்கள் இருவருக்கும். கையெழுத்திட்ட அன்றே தெளிவான மனநிலைக்கு மருத்துவச் சான்று வாங்கினோம்; சாட்சிகளில் ஒருவர் டாக்டர். நடமாட முடியாதவர்களுக்குப் பதிவுச் சட்டத்தின் 31-வது பிரிவில் சார்பதிவாளரையே வீட்டுக்கு அழைக்கலாம் என்பதும் இவர் சொல்லித்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. முதியவர்களே வரும் இடத்தில் இது பெரிய குறை. கட்டணத்தை முன்கூட்டி எழுதித் தருவதில்லை. தீவிர சிகிச்சையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்னரே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே வழி திறந்தது. 2023-இல், சாட்சிகளோடு மாஜிஸ்திரேட் கையொப்பமும் வேண்டும் என்றிருந்ததை மாற்றி, மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று எளிதாக்கியது. நாங்களாகக் கேட்ட பிறகுதான் அதைப் பற்றிப் பேசினார். மறதி நோய் வீட்டுக்கு அதுவும் முதல் நாளே வர வேண்டிய பேச்சு.

போகிறவர்கள் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மருத்துவ அறிக்கைகளோடு போங்கள். காலை நேரமாகக் கேளுங்கள். மறதி உள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போது குழப்பம் கூடும், கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் வராது.