எத்தனாலா, மின்சாரமா, பேருந்தா? எண்ணூரிலிருந்து ஓர் ஒப்பீடு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களின் படகுகளும் வலைகளும் கரும்பசையாயின. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது எண்ணெயை வாளியால் அள்ளினார்கள், இம்முறையும் வாளிதான். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அது ஒருபுறமிருக்க, பெட்ரோலியத் தேவையைக் குறைக்கச் சொல்லப்படும் மூன்று வழிகளில் எது இந்தக் கழிமுகத்துக்கு உண்மையில் உதவும் என்று பார்க்கலாம்.

கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பதற்கு அரசின் ஆதரவு அதிகம். 20 விழுக்காட்டுக் கலப்பு என்ற 2030ஆம் ஆண்டு இலக்கு 2025க்கே முன்னகர்த்தப்பட்டது. ஆனால் எத்தனாலின் எரிஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே தூரம் ஓடுவதற்கு மிச்சமாகும் பெட்ரோல் 14 விழுக்காட்டளவே. நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் டீசலை இது தொடுவதே இல்லை. கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல், டீசல், நாப்தா, தார் எல்லாம் சேர்ந்தே வரும். ஒன்றின் தேவை சற்றுக் குறைந்ததற்காக ஆலையின் ஓட்டம் அவ்வளவாகக் குறைந்துவிடாது. கரும்பு குடிக்கும் தண்ணீர்க் கணக்கு வேறு இருக்கிறது.

மின்வாகனம் இதைவிட ஆழமான மாற்றம். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. எனினும் இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் சேர்ந்ததும் இதே கொசஸ்தலையாற்றில்தான் என்பதால், எண்ணூர்க்காரருக்கு எண்ணெய் போய்ச் சாம்பல் வருவது பெரிய ஆறுதலாக இருக்க முடியாது. ஆயினும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக, ஏற்கெனவே ஓடும் மின்வண்டியும் தானாகவே தூய்மையாகும். எத்தனாலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மூன்றாவது வழியான பேருந்தைப் புதுமையாக யாரும் பேசுவதில்லை, ஆனால் கணக்கில் அதுவே முந்துகிறது. லிட்டருக்கு நான்கரை கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தில் 50 பேர் இருந்தால், ஒரு லிட்டர் ஒருவரை 225 கிலோமீட்டர் கொண்டுசெல்வதற்குச் சமம். ஒருவர் மட்டும் செல்லும் இருசக்கர வாகனம் 50 கிலோமீட்டர் தந்தாலே நல்ல மைலேஜ் என்கிறோம். 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் கூடிய கூட்டம், மக்களுக்குப் பேருந்து வேண்டாம் என்ற வாதத்தைப் பொய்யாக்கியது. குறை, வண்டி எண்ணிக்கையிலும் காத்திருக்கும் நேரத்திலும் இருக்கிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்பேருந்துகள் இரண்டாம், மூன்றாம் வழிகளை இணைப்பவை. பொதுப்பணம் செலவிட என் முதல் தேர்வு அவையே. தனியார் மின்வாகன மானியம் அதற்கு அடுத்து, எத்தனால் கடைசி.

இந்த வரிசையும் பயணிகளுக்கு மட்டுமே பொருந்தும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டீசலை இம்மூன்றில் எதுவும் குறைக்காது. அந்தச் சரக்கை ரயிலுக்கு மாற்றுவதற்குத் தனித் திட்டமும் தனி நிதியும் வேண்டும்.