ஸ்டோக் ப்ரூயர்ன், ஃபாக்ஸ்டன், பிரான்ஸ்டன்: கால்வாய்க்கரையில் ஒரு நாளுக்கு எந்த ஊர்?

லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயையும் அதன் கிளைகளையும் ஒட்டி, ஒரு நாள் பொழுதைக் கழிக்க ஏற்ற ஊர்கள் பல உண்டு. அவற்றுள் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த ஸ்டோக் ப்ரூயர்ன், பிரான்ஸ்டன் ஆகிய இரண்டும், லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஃபாக்ஸ்டனும் பயணிகள் அதிகம் நாடும் இடங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஒரே நாளில் மூன்றையும் பார்த்து முடிக்கலாம் என்று இந்த அண்மை ஆசை காட்டினாலும், கால்வாய்க்கரை அவசரமாகச் சுற்றிப் பார்க்கும் இடம் அன்று. ஏதேனும் ஒன்றுதான் முடியும் என்றால், நான் ஸ்டோக் ப்ரூயர்னைத்தான் சொல்வேன். அதே சமயம், ஃபாக்ஸ்டன் அதை வெல்லும் இடங்களும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இந்தப் பரிந்துரையைச் செய்ய முடியாது.

மூன்று ஊர்களிலும் முதல் ஈர்ப்பு லாக்குகள்தாம். லாக் என்பது இரு முனைகளிலும் கனத்த கதவுகள் பொருத்திய, கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய நீர்த்தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் கதவை அடைத்து, மதகைத் திறந்து நீரை நிரப்பினால் படகு மேலேறும்; நீரை வடித்தால் கீழிறங்கும். இங்கெல்லாம் மின்விசை கிடையாது. படகில் வருபவர்களே இரும்புக் கைப்பிடியால் மதகுப் பலகையைத் தூக்குகிறார்கள். கதவோடு இணைந்த நெடிய மர உத்தரத்தில் முதுகைச் சாய்த்துத் தள்ளித் திறக்கிறார்கள். இதைக் கரையில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இந்தக் காட்சியில் ஃபாக்ஸ்டனுக்கு நிகர் இல்லை. 1814-இல் திறக்கப்பட்ட பத்து லாக்குகள், ஐந்து ஐந்தாக இரண்டு தொடர்களாய், படிக்கட்டு போல ஒரே குன்றின் சரிவில் 75 அடி உயரத்தை ஏறுகின்றன. ஒவ்வொரு தொடரிலும் மேல் லாக்கின் கீழ்க்கதவே அடுத்த லாக்கின் மேற்கதவாக இருப்பதால், படிக்கட்டில் நுழைந்த படகு ஐந்து படிகளையும் கடந்தே ஆக வேண்டும். எதிரெதிரே வரும் படகுகள் விலகிக்கொள்ள இரு தொடர்களுக்கும் நடுவில் மட்டுமே இடம் உண்டு. பக்கவாட்டில் உள்ள குளங்கள் வழியாகத்தான் நீர் ஒரு லாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறது. சிவப்பு வண்ணம் பூசிய மதகை முதலிலும் வெள்ளை மதகை அடுத்தும் திறக்க வேண்டும் என்ற விதியை, முதன்முறை வரும் படகினருக்கு அங்குள்ள தன்னார்வலர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டாலே லாக்குகளின் சூட்சுமம் புரிந்துவிடும். ஏழடி அகலமும் எழுபதடி நீளமும் கொண்ட ஒரு படகு மொத்தப் படிக்கட்டையும் ஏறி முடிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கோடை வார இறுதியில் மேலும் கீழும் படகுகள் வரிசையில் காத்திருக்கும்.

ஸ்டோக் ப்ரூயர்னிலும் ஏழு லாக்குகள் உண்டு. ஆனால் அவை கால்வாய் நெடுகப் பரந்து கிடப்பதால், ஊருக்குள் நிற்பவருக்கு மேல் லாக் ஒன்றுதான் கண்ணில் படும். அது பதினான்கு அடி அகலமுள்ளது; இரண்டு படகுகள் தோளோடு தோள் ஒட்டி ஒன்றாக ஏறும். அழகான காட்சிதான் என்றாலும், ஃபாக்ஸ்டனின் படிக்கட்டு தரும் வியப்பை இது தராது.

அப்படியிருந்தும் ஸ்டோக் ப்ரூயர்னை முதலில் வைப்பதற்குக் காரணம், அங்கே கால்வாயும் ஊரும் ஒன்றாகவே இருப்பதுதான். நீரின் ஒரு கரையில் கூரை வேய்ந்த பழைய போட் இன். 1877 முதல் ஒரே குடும்பத்தார் நடத்திவரும் மதுவிடுதி அது. எதிர்க்கரையில் பழைய தானிய ஆலைக் கட்டடத்தில் 1963-இல் திறக்கப்பட்ட கால்வாய் அருங்காட்சியகம். இரண்டுக்கும் நடுவே படகுகள் கடக்கின்றன. ஃபாக்ஸ்டனில் லாக்குகள் ஓரிடம், கிராமம் வேறிடம். படிக்கட்டைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்குள் கால் வைக்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அருங்காட்சியகங்களை ஒப்பிட்டால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஃபாக்ஸ்டனின் சிறிய அருங்காட்சியகம் ஒரே ஓர் இயந்திரத்தின் கதையைச் சொல்கிறது. லாக்குகளில் வீணாகும் நேரத்தையும் நீரையும் மிச்சப்படுத்த, 1900-இல் குன்றின் சரிவில் தண்டவாளங்கள் அமைத்து, ஒன்றுக்கொன்று எதிர் எடையாக இயங்கும் இரண்டு பெரும் நீர்த்தொட்டிகளை நீராவி விசையால் ஏற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு படகுகள் மிதந்தபடியே பயணம் செய்யும். சுமார் 12 நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆயினும் அதே வழித்தடத்தில் இருந்த வாட்ஃபர்டு லாக்குகளை அகலப்படுத்தாமல் விட்டதால் பெரிய படகுகள் வரவில்லை. வந்த சொற்பப் போக்குவரத்துக்காகக் கொதிகலனை நாள் முழுவதும் எரியவைப்பதும் கட்டுப்படியாகவில்லை. 1911-இல் இயக்கம் நின்றது. 1928-இல் இரும்பு முழுவதும் பழைய விலைக்கு விற்கப்பட்டது. இன்று அந்தச் சரிவும், மீண்டும் எழுப்பப்பட்ட கொதிகலன் அறைக்குள் இருக்கும் அருங்காட்சியகமும்தான் மிச்சம். பொறியியலில் நாட்டமுள்ளவருக்கு இது பெரும் விருந்து.

ஸ்டோக் ப்ரூயர்ன் அருங்காட்சியகமோ கால்வாயில் வாழ்ந்த மனிதர்களைப் பற்றியது. சரக்குப் படகின் பின்முனையில், ஒரு கட்டிலுக்கும் அடுப்புக்கும் மட்டுமே இடம் தரும் சிற்றறையில் முழுக் குடும்பமும் எப்படி வாழ்ந்தது, ரோஜாக்களையும் கோட்டைகளையும் தீட்டிய நீர்க்குடங்களும் பித்தளைக் குமிழ்களும் பின்னல் ஓரமிட்ட தட்டுகளும் அந்த வாழ்வில் எவ்வளவு பெருமைக்குரியவை என்பதையெல்லாம் அங்கே அருகில் நின்று காணலாம். ஓரிடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருந்த இந்த மக்களுக்கு மருத்துவம் எளிதில் கிடைத்ததில்லை. அந்தக் குறையை இதே ஊரில் தம் வீட்டிலிருந்தபடியே போக்கியவர் சிஸ்டர் மேரி வார்ட் என்ற செவிலியர். அவருடைய தொண்டுக்காக 1951-இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் வாழ்ந்த கரையிலேயே நின்று இதை அறிந்துகொள்ளும்போது மனம் நெகிழ்கிறது. ஓர் இயந்திரத்தின் வரலாறு, எத்தனை சுவையானதாக இருந்தாலும், என்னை இந்த அளவுக்குத் தொட்டதில்லை.

இத்துடன் பிளிஸ்வொர்த் சுரங்கமும் சேர்கிறது. மேல் லாக்கிலிருந்து சமதளமான கரைப்பாதையில் கால் மணி நேரம் நடந்தால் அதன் தென்வாயிலை அடையலாம். 2,813 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுரங்கம் 1805-இல் திறக்கப்பட்டது. முதலில் தோண்டிய பாதையில் நீர் புகுந்து வேலை முறிந்ததால் தடத்தை மாற்றித் தோண்ட வேண்டியதாயிற்று. இது முடியும்வரை சரக்குகள் குன்றின் மேல் போடப்பட்ட தண்டவாளத்தில் குதிரை வண்டிகளில் சென்றன. சுரங்கத்துக்குள் கரைப்பாதை கிடையாது. ஆகவே இரண்டு ஆட்கள் படகின் முன்புறம் குறுக்கே வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை இருளுக்குள் நகர்த்தினார்கள். பின்னர் நீராவிப் படகுகள் வந்தபோது புகையே எமனாயிற்று. 1861-இல் புகையில் மூச்சுத் திணறி இருவர் இறந்தனர். பழுதடைந்த சுரங்கத்தின் நடுப்பகுதி கான்கிரீட் வளையங்களால் புதுப்பிக்கப்பட்டு 1984-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மிஞ்சிய வளையம் ஒன்று வாயிலருகே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் முன் நின்றால் சுரங்கத்தின் அகலம் எவ்வளவு என்பது சட்டென்று விளங்கிவிடும்.

வசதிகளில் இரண்டும் ஏறக்குறைய சமம். இரண்டு இடங்களிலும் கட்டண வாகன நிறுத்தம், கழிப்பறை, தேநீர்க் கடை, கரையோர மதுவிடுதிகள், பருவகாலத்தில் படகுச் சவாரி ஆகியவை உண்டு. ஃபாக்ஸ்டனில் இடம் விசாலமானது. பிள்ளைகள் ஓடியாடப் புல்வெளியும் தாராளம். பள்ளி வயதுக் குழந்தைகளுடன் வருபவர்கள், அருங்காட்சியகத்தை விட ஓயாமல் நடக்கும் லாக் வேலையையே விரும்புவார்கள் என்பதால், அவர்களுக்கு ஃபாக்ஸ்டனையே பரிந்துரைப்பேன். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் நிலைமை நேர்மாறானது. ஃபாக்ஸ்டனில் முழுப் படிக்கட்டையும் காண 75 அடி ஏற வேண்டும். ஸ்டோக் ப்ரூயர்னில் முக்கியமானவை எல்லாம் ஒரே மட்டத்தில் அருகருகே இருக்கின்றன. எங்கே சென்றாலும் நீரோரத்தில் வேலி கிடையாது என்பதைச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கார் இல்லாதவர்களுக்கு ஃபாக்ஸ்டன்தான் எட்டும். லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து மார்க்கெட் ஹார்பரோவுக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம்தான். நடக்கத் தெம்புள்ளவர் நிலத்தின் மட்டத்தையொட்டி வளைந்து செல்லும் கிளைக் கால்வாயின் கரையிலேயே ஐந்து மைலுக்குச் சற்றுக் கூடுதலாக நடந்து லாக்குகளின் அடிவாரத்தை அடையலாம். ஸ்டோக் ப்ரூயர்னுக்கு 1892-இல் தொடங்கிய பயணிகள் ரயில் சில மாதங்களிலேயே நின்றுபோனது. இன்று நார்தாம்ப்டன் வரை ரயிலில் வந்து, மீதித் தொலைவைச் சாலை வழியாகத்தான் கடக்க வேண்டும்.

பிரான்ஸ்டனை இதுவரை ஒதுக்கியே வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஆறு லாக்குகளும், 1796-இல் திறந்த சுரங்கமும், ஆக்ஸ்ஃபர்டு கால்வாய் வந்து சேரும் முக்கோணச் சந்திப்பின் மேல் வளையும், ஹார்ஸ்லி இரும்பாலையில் செய்த வார்ப்பிரும்புப் பாலங்களும், தொலைவிலிருந்தே தெரியும் தேவாலயக் கோபுரமும் உள்ளன. ஆயினும் பார்வையாளருக்காக ஒழுங்குசெய்த இடம் அன்று அது. படகு பழுதுபார்ப்பதும், வண்ணம் பூசுவதும், உதிரிப்பொருள் விற்பதுமாகத் தன் தொழிலில் மூழ்கிய ஊர். குன்றின் மேலிருக்கும் கிராமத்துக்கும் கீழே உள்ள படகுத்துறைக்கும் இடையே ஏறி இறங்க வேண்டியிருக்கும். விளக்கிச் சொல்ல அருங்காட்சியகமும் இல்லை. கால்வாயைப் பற்றி ஓரளவு அறிந்தபின் சென்றால், இதே ஊர் மற்ற இரண்டையும் விடச் செறிவாகத் தோன்றும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை லாக்குகள் பழுதுபார்ப்புக்காக ஆங்காங்கே மூடப்படும், படகுகளும் குறைந்துவிடும். அப்போது ஃபாக்ஸ்டன் வெறிச்சோடிக் கிடக்கும். ஸ்டோக் ப்ரூயர்னில் அருங்காட்சியகமும் சுரங்க நடையுமாவது மிஞ்சும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரண்டுமே தகும். ஜூன் மாதக் கடைசி வார இறுதி மட்டும் விதிவிலக்கு. அப்போது பிரான்ஸ்டன் படகுத்துறையில் பழைய சரக்குப் படகுகளின் பேரணி நடக்கும். ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்த படகுகள் துலக்கிய பித்தளையோடு, பழைய டீசல் எஞ்சின்கள் துடிதுடிக்க அணிவகுக்கும். அந்த நாள்களில் பயணம் அமையுமானால், மேலே சொன்ன வரிசையை மாற்றிக்கொண்டு நேராகப் பிரான்ஸ்டனுக்கே செல்லலாம்.