புது கம்ப்யூட்டரில் கேம் திணறுகிறதா? விண்டோஸா, கடையா, கார்டா, பயாஸா?

சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு மொட்டைமாடி அறை. சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொன்றாக வாங்கி, காட்பாடி வரை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அக்கா மகன் தானே பூட்டிய கம்ப்யூட்டர். ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் இரண்டு. ஜிடிஏ 5 ஓட்டினால் 100ஐத் தாண்ட வேண்டிய எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 60, 70இல் தள்ளாடியது. நடுநடுவே விக்கல் வேறு. "மாமா, கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றான்.

அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். நண்பர்கள் சொன்னது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு. செலவில்லை, ஆனால் அரை நாள் போய்விடும். மூன்று நாள் முன்பு போட்ட விண்டோஸில் அழுக்கு சேர என்ன இருக்கிறது? பழைய எஸ்எஸ்டியை அப்படியே கழற்றிப் புது மதர்போர்டில் மாட்டியவர்களுக்கு இது சரி. கார்டை மட்டும் மாற்றியவர்கள் டிடியு என்ற மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

கடையிலும் கொடுத்துப் பார்த்தான். இரண்டு நாள் வைத்திருந்து, "எல்லாம் ஓகே, கேம்தான் ஹெவி" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மெஷின் ஆனே ஆகவில்லை என்றால் கடைதான் நல்லது. மாற்றிப் போட்டுப் பார்க்க அவர்களிடம் வேறு பவர் சப்ளை இருக்கும்.

புது கார்டு வாங்கலாமா என்பதற்கு விடை, கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் இருக்கிறது. கேம் ஓடும்போது ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு 97, 99 சதவீதம் என்று நின்றால் கார்டு தன்னால் ஆனதைச் செய்கிறது. இன்னும் வேண்டுமென்றால் பெரிய கார்டுதான். இவனுடையது 55 காட்டியது. கார்டு சும்மா உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில் இன்னும் பெரிய கார்டு போட்டாலும் அதுவும் காத்துத்தான் கிடக்கும்.

சரி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். இரண்டு ராமும் ஒட்டி ஒட்டி, பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள முதல் இரண்டு ஸ்லாட்டில். நாலு ஸ்லாட் போர்டில் அப்படி மாட்டினால் இரண்டும் பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில் (சேனலில்) போய்விடும். 2, 4 என்று எண்ணி மாற்றினேன். அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் போர்டின் செட்டிங். 3600 என்று அட்டையில் போட்ட ராம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் போட்ட வேகத்துக்கு ராமை ஏற்றும் எக்ஸ்எம்பியை நாமாக ஆன் செய்யாவிட்டால் அது அப்படித்தான் ஓடும். ரைசனில் இதன் அடி கொஞ்சம் அதிகம். பிராசஸருக்குள் பகுதிகளை இணைக்கும் ஃபேப்ரிக்கின் வேகமும் ராமோடு சேர்ந்தே இறங்கிவிடும். செலவு பூஜ்யம், நேரம் பத்து நிமிடம். ஜிபியு 90க்கு மேல் ஏறியது.

மானிட்டர் கேபிளை போர்டில் சொருகியிருக்கிறானா என்றும் பார்த்தேன். இல்லை. 5600இல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, அப்படிச் சொருகினால் திரையே வராது. 5600ஜி வைத்திருப்பவர்கள்தான் இதில் ஏமாறுவார்கள்: படம் வரும், கார்டு தூங்கும்.

விக்கல் மட்டும் நிற்கவில்லை. பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டது. 5600க்கு அதுதான் வரம்பு, அங்கே போனதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூடியூபில் 70 காட்டுகிறார்களே என்றான். அவர்கள் ஏசி அறையில் 22 டிகிரியில் அளக்கிறார்கள். வேலூர் மே மாதத்தில், மொட்டைமாடியில், ராத்திரி எட்டு மணிக்கும் அறையில் 36. அறை எவ்வளவு கூடுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சிப்பும் கூடும். மூடியைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பலாம், புழுதி சேரும். ஏசி போடலாம், கரண்ட் பில்லை அக்காதான் கட்ட வேண்டும். இரண்டாயிரம் சொச்சத்துக்கு டவர் கூலர் போடலாம். இந்த ஊருக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அன்றைக்குக் கூலரை ஆட்டிப் பார்த்தபோது நாலு ஸ்க்ரூவில் ஒன்று பாதியில் நின்றிருந்தது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் இருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, குறுக்கும் மறுக்குமாக முறுக்கினேன். 81இல் நின்றது.

எழுந்திருக்கப் போகும்போதுதான் டிஸ்ப்ளே செட்டிங் கண்ணில் பட்டது. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம் காட்டும்) மானிட்டர், வந்த நாளிலிருந்து 60இல் கிடந்திருக்கிறது. மாற்றினேன். கேமைத் திறக்காமல் மவுஸையே அங்குமிங்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.