இரவல் டப்பா சேவை: எங்கள் வளாகத்தில் ஒரு பருவம் பயன்படுத்திய பின்

பொட்டலமாக வாங்கிச் செல்லும் உணவுக்கு எறிந்துவிடும் பெட்டிகளுக்குப் பதிலாக, திருப்பித் தரவேண்டிய டப்பாக்களை இரவலாகக் கொடுக்கும் சேவையை எங்கள் பல்கலைக்கழக உணவகம் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. முதல் வாரம் முதலே இதைப் பயன்படுத்தி வருகிறேன். இது தொடரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நடைமுறை எளிது. செயலியில் மாணவர் எண்ணைப் பதிவு செய்துகொண்டு, டப்பாவின் அடியில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது நம் கணக்கில் ஏறிவிடும். ஏழு நாட்களுக்குள் சேகரிப்புத் தொட்டியில் போட்டால் கணக்கிலிருந்து நீங்கிவிடும். முன்பணம் இல்லை. தவணை தவறினால் மட்டுமே டப்பாவின் விலையைக் கட்டவேண்டும்.

டப்பா பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அடியில் முக்கோணத்துக்குள் அந்த வகையைக் குறிக்கும் 5 என்ற எண் இருக்கும். ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில்தான் இது உருகும் என்பதால், கழுவும் இயந்திரத்தின் வெந்நீர் இதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எவர்சில்வரைப் போல இது சூட்டைப் பிடித்துவைக்காது. அதனால் கழுவி முடித்த பின்னும் ஈரம் எளிதில் உலர்வதில்லை. அந்த ஈரத்தோடு மூடி அடுக்கிவைத்த டப்பாக்களில் ஒரு வாடை தங்கிவிடுகிறது. இருமுறை அப்படிப்பட்ட டப்பாவைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். ஊழியர்கள் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். மூடிகள்தான் பலவீனமான பகுதி: பருவ இறுதிக்குள் சிலவற்றின் விளிம்பு தளர்ந்து, பையில் சாய்த்து வைத்தால் கசிகிறது.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். சேவை நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது டப்பா திரும்பி வரும் வேகம்தான். எறியும் பெட்டியையும் இந்த டப்பாவையும் இரு கைகளில் எடுத்துப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். ஒரு டப்பா செய்ய அந்த அளவுக்குக் கூடுதல் மூலப்பொருளும் ஆற்றலும் செலவாகியிருக்கின்றன, ஒவ்வொரு கழுவலுக்கும் நீரும் வெப்பமும் தேவைப்படுகின்றன. பலமுறை சுற்றி வந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். முதல் மாதத்தில் உணவக வாசலில் மட்டுமே சேகரிப்புத் தொட்டி இருந்தது. என் வகுப்பறைகளோ வளாகத்தின் மறுகோடியில். ஒரு கட்டத்தில் என் விடுதி அறை அலமாரியில் மூன்று டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. எனக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்ந்திருக்கவேண்டும், ஏனென்றால் அந்த வாரங்களில் மதியத்துக்குள்ளேயே உணவகத்தில் டப்பா தீர்ந்துபோய், மறுபடியும் எறியும் பெட்டிகளில்தான் கட்டிக்கொடுத்தார்கள். பின்னர் நூலக வாசலிலும் விடுதி நுழைவாயிலிலும் தொட்டி வைத்து, தவணைக்கு முதல் நாள் செயலியில் நினைவூட்டலும் அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு டப்பாகூட என் அறையில் இரண்டு நாளுக்கு மேல் தங்கவில்லை. மாணவர்களின் அக்கறையைக் குறை சொல்வதற்கு முன் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதை இந்த ஒரு மாற்றத்தில் கண்டேன்.

இதற்கு முன் உணவகம் ‘மக்கும்’ என்று அச்சிட்ட பெட்டிகளைப் பயன்படுத்தியது. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பிஎல்ஏ என்ற தாவரவழிப் பிளாஸ்டிக், 60 டிகிரி அளவுக்கு வெப்பம் நீடிக்கும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மட்கும். தோட்டத்து உரக்குழியில் நெடுநாள் அப்படியே கிடக்கும். காகிதப் பெட்டிகளிலும் பெரும்பாலும் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு. மறுசுழற்சியை நம்பலாம் என்றால், 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதமே மறுசுழற்சி செய்யப்பட்டதாக 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே கழிவே உருவாகாதபடி செய்யும் இந்தச் சேவையை நான் அவற்றுக்கு மேலாகவே வைக்கிறேன்.

இரண்டு விஷயங்களை நிர்வாகம் மறுபரிசீலனை செய்யவேண்டும். முதலாவது, கேட்காதவர்களுக்கு இன்னமும் எறியும் பெட்டியே கொடுக்கப்படுகிறது. இரவல் டப்பா எடுப்பவர்களுக்குச் சிறு தள்ளுபடி மட்டும் உண்டு. காப்பிக் கோப்பைகளை வைத்துப் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கள ஆய்வில், தள்ளுபடியால் பலன் தெரியவில்லை. எறியும் கோப்பைக்குத் தனிக் கட்டணம் விதித்தபோதுதான் பழக்கம் மாறியது. இரவல் டப்பாவை இயல்பாக நீட்டி, எறியும் பெட்டியைக் கேட்பவருக்குக் கட்டணத்தோடு தருவதே சரியான வரிசை. இரண்டாவது, டப்பா ஒரே அளவில்தான் இருக்கிறது. அது நிறையும்வரை பரிமாறுகிறார்கள். பசி குறைந்த நாட்களில் மீதி குப்பைக்குப் போகிறது. 2022-இல் உலகெங்கும் உணவகங்களும் உணவுச் சேவைகளும் மட்டும் சுமார் 29 கோடி டன் உணவை வீணாக்கியதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது; பெட்டியை மிச்சப்படுத்திவிட்டு உணவை எறிவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சிறிய டப்பா ஒன்றும் வேண்டும்.

அன்றாடம் சேகரிப்புத் தொட்டியைக் கடந்து போகிறவர்கள் தயங்காமல் இதில் சேரலாம். தொலைவில் இருப்பவர்களுக்கும், கசிவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் சொந்த எவர்சில்வர் டப்பாவே இப்போதைக்கு மேல். உணவகம் அதையும் மறுக்காமல் நிரப்பித் தருகிறது. ஒவ்வொரு டப்பாவும் எத்தனை முறை சுற்றி வந்திருக்கிறது என்ற கணக்கு அந்தக் கியூஆர் பதிவிலேயே இருக்கும். அதை மாதந்தோறும் உணவக வாசலில் ஒட்டிவைக்கும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.