திம்பம் இறக்கத்தில் உதறிய ஸ்டியரிங்

டொரொண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் சத்தியமங்கலம் வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே தாளவாடியில் ஒரு விசேஷம். மலைப்பாதையின் இரவுப் போக்குவரத்துத் தடைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டுமென்று மதியச் சாப்பாடு ஆனதும் கிளம்பிவிட்டோம். காரை அப்பாதான் ஓட்டினார். திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு தாண்டியதும், பிரேக்கில் கால் வைத்த போதெல்லாம் ஸ்டியரிங் அவர் கையில் படபடவென்று உதற ஆரம்பித்தது. பின்சீட்டில் அம்மா பண்ணாரி மாரியம்மனைக் கூப்பிட்டபடியே வந்தார்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் கண்ணு" என்றார் அப்பா. வாரம் இரண்டு முறை ஃபோனில் பேசுகிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம். எழுபத்து மூன்று வயதில் இந்த வண்டியை வைத்துக்கொண்டுதான் அவர் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் முன் சக்கரங்களோடு சுற்றும் பிரேக் டிஸ்க் இரண்டையும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பேடையும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். அப்போது வண்டி நன்றாகவே இருந்திருக்கிறது. மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியபின்தான் உதறல். அங்கே ஃபோன் செய்தால், வண்டியைப் பார்க்காமலேயே "டிஸ்க் வளைஞ்சிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார்கள். ஆறு மாதத்தில் இரண்டாவது ஜோடி டிஸ்க்கா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

மச்சான் சொல்லி, புளியம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை கொடுத்தது. "ஓடும்போது ஆடுதுங்களா, புடிக்கும்போது மட்டும் ஆடுதுங்களா?" என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அன்னூர் ரோட்டில் எண்பதில் ஓட்டினார். பிரேக் தொடாதவரை வண்டி அசையவில்லை. அதனால் வீல் பேலன்ஸ் இல்லை என்றார். மெதுவாகப் பிரேக் பிடித்ததும் ஸ்டியரிங் உதறியது, பெடலும் காலைத் தள்ளியது. அடுத்து ஆளில்லாத இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். அது பின் டிரம்மை மட்டும் பிடிக்கும். ஆட்டமே இல்லை. "பின்னாடி சுத்தமா இருக்குது. கோளாறு முன்னாடிதானுங்க."

பட்டறைக்குத் திரும்பியதும் ஜாக்கி போட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. வீல் கழற்றும்போதுதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு நட்டு கையழுத்தத்திலேயே கழன்றது, இன்னொன்றுக்குப் பைப் மாட்டி ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. ஏர் கன்னில் ஆளுக்கொரு விதமாக முறுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் டிஸ்க்கை நட்டுப் போட்டு, அது உட்காரும் நடுப்பகுதியான ஹப்போடு இறுக்கி, சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. பல வண்டிகளுக்கு 0.05-க்கு மேல் போனாலே அதிகம். டிஸ்க்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப் முகத்தில் செதில் செதிலாகத் துரு. புது டிஸ்க்கை அந்தத் துருவின் மேலேயே மாட்டியிருக்கிறார்கள்.

நடுவில் ஒரு முடி கனத்துக்குத் துரு இருந்தாலே டிஸ்க் கோணலாக உட்காரும், விளிம்பில் அந்தக் கோணல் இன்னும் பெரிதாகும். பிரேக் பிடிக்காதபோதும் சுற்றுக்கு ஒரு முறை அதே இடம் பேடில் உரசும். மாட்டிய அன்றைக்கு எதுவும் தெரியாது. இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். கனம் மாறி மாறி இருக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்வும்போது பெடல் துடிக்கும், ஸ்டியரிங் உதறும். இதைத்தான் எல்லோரும் 'டிஸ்க் வளைஞ்சு போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். நிஜமாகவே வளைவது அபூர்வம்.

"புதுசு வேண்டாங்க. கனம் இன்னும் நெறய இருக்குது, கடைசல் போட்டா போதும்" என்றார். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தைக் காட்டி, மைக்ரோமீட்டரில் அளந்தும் காட்டினார். டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு சத்தி ரோட்டிலேயே கோவை கணபதி வரை போனேன். பம்பும் கிரைண்டரும் செய்து பழகிய கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய், ஒன்றரை மணி நேரம். கடைசல்காரர் டிஸ்க்கை மாட்டும் முன், லேத்தில் அதைப் பிடிக்கும் 'சக்' பகுதியைத் துணியால் இருமுறை துடைத்தார். சர்வீஸ் சென்டரில் யாராவது இதைச் செய்திருந்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அண்ணன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி அளந்தார். இப்போது முள் 0.03-ஐத் தாண்டவில்லை. பேடைத் தாங்கும் காலிபரின் பின்னுக்கு அதற்குரிய கிரீஸ் வைத்து, பேட் முகத்தை லேசாக உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில், ஒன்றுவிட்டு எதிரெதிராக இறுக்கினார். கூலி தொள்ளாயிரம். அறுபதிலிருந்து இருபதுக்கு ஒரு பத்துத் தடவை நிதானமாகப் பிடித்துவிடுங்கள், சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

சர்வீஸ் சென்டருக்குப் போய், அளவுகளையும் துருவின் படத்தையும் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பணம் திரும்பவில்லை. ஹப்பைத் துடைக்காமல் டிஸ்க் மாட்டுவது ஒரு வயதானவரை மலையில் தவிக்க விடும் காரியம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மூவரும் மறுபடி திம்பம் போனோம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விட்டு, வளைவுக்கு மட்டும் பிரேக் தொட்டார் அப்பா. பாதி மலையில் "புடிச்சுப் பாரு" என்று வண்டியை ஓரங்கட்டி என்னிடம் கொடுத்தார். ஸ்டியரிங் கையில் அசையாமல் இருந்தது. கனடாவில் குளிர்கால டயர் மாற்றினால், நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன். பண்ணாரியில் வண்டியை நிறுத்தி, மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.