மேசைக் கணினி எழும்பவில்லை: எந்தப் பவர் சப்ளையை நம்புவது?

ஐப்பசி இடிமழை இரவொன்றில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியை அக்காவின் மேசைக் கணினி மறுநாள் எழும்பவில்லை. விசிறி அசையவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை. கடைக்குக் கொண்டுபோனார்கள், புதுப் பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி) மாட்டி அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அந்தப் புதியது டப்பென்று வெடித்தது. கூடவே ஹார்ட் டிஸ்க்கும் போனது. பன்னிரண்டு வருடமாக அவர் தயாரித்த வினாத்தாள்கள் அதில்தான் இருந்தன. அன்றைக்கு யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசை எடுக்கும் முன் ஒன்றை உறுதிப்படுத்துங்கள். எழும்பாத கணினிக்கெல்லாம் பவர் சப்ளை காரணமல்ல. 13 அம்பியர் சதுரக்கால் பிளக்குக்குள் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அது எரிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். கணினிப் பெட்டியின் முன்பக்க ஆளி துருப்பிடித்துச் செத்திருக்கலாம். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளே எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய பலகையான மதர்போர்ட்டில் அந்த ஆளியின் வயர் வந்து சேரும் இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு கணம் ஒன்றாகத் தொட்டுவிட்டால் உண்மை தெரிந்துவிடும்: எழும்பினால் ஆளிதான் பழுது. அதற்கும் எழும்பவில்லையென்றால் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, பவர் சப்ளையின் 24 ஊசி இணைப்பியை மதர்போர்ட்டிலிருந்து பிரித்து, அதில் பச்சை வயரையும் ஏதாவதொரு கறுப்பு வயரையும் காகிதக் கிளிப்பால் இணைத்துப் பிறகு கரண்ட் கொடுங்கள். விசிறி சுற்றினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. நலமாக இருக்கிறதா என்பதை வோல்ற்றளவைக் காட்டும் மல்டிமீற்றர்தான் சொல்லும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ற்றுக்குள்ளும் சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ற்றுக்குள்ளும் காட்ட வேண்டும்.

பவர் சப்ளைதான் போய்விட்டது என்று தெரிந்தபின் நான்கு வழிகள் இருக்கின்றன: மலிவான புதியது, பிராண்ட் கணினியிலிருந்து கழற்றிய பழையது, கொழும்பிலிருந்து வரவழைக்கும் தரமான புதியது, செத்ததையே திருத்துவது.

அக்காவுக்குக் கடையில் மாட்டியது முதல் வகை. பெட்டியில் 500 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பக்கவாட்டு லேபிளைப் படித்தேன்: 12 வோல்ற்றில் 16 அம்பியர். பெருக்கினால் 192 வாட். இன்றைய புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ற்றைத்தான். ஆகவே உண்மையான எண் 192. 500 என்பது வெறும் அச்சு. கையில் எடுத்தால் தேங்காய்ச் சிரட்டை போல இலேசாக இருந்தது. வெடித்தபின் திறந்து பார்த்தேன். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் திடீர் உயர்வுகளைத் தாங்க வேண்டிய பாகங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள், பாகங்கள் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், ஒவ்வொரு முறையும் கரண்ட் திரும்பி வரும் அந்தக் கணத்தைத் தாங்காத ஒன்றை விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. மலிவு என்பதைத் தவிர இதற்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி சிக்கலானது. அலுவலகங்களில் ஓடி முடிந்து இங்கே விற்பனைக்கு வரும் டெல், எச்பி பெட்டிகளின் பவர் சப்ளைகள் உண்மையிலேயே நன்றாகச் செய்யப்பட்டவை. 290 வாட் என்று எழுதியிருந்தால் அதை நம்பலாம். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத வீட்டுக் கணினி பெரும்பாலும் 100 வாட்டைக்கூடத் தாண்டுவதில்லை. அதற்கு இது தாராளம். ஆனால் 2013 அளவில் வந்த ஒப்டிபிளெக்ஸ் 9020 காலம் தொட்டு டெல் தன் சொந்த 8 ஊசி இணைப்பிக்கு மாறிவிட்டது. எச்பியில் 6 ஊசி. கடையில் பொருத்தித் தந்த சாதாரணக் கணினிக்கு வேண்டிய 24 ஊசி உள்ள பழைய டெல் சப்ளை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும் என்பதே அதன் பொருள். வீட்டில் இருப்பதே அப்படிப்பட்ட டெல் அல்லது எச்பி பெட்டி என்றால் கதை வேறு: அதே மாடலிலிருந்து கழற்றிய பழைய சப்ளையைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஒப்டிபிளெக்ஸ் பலவற்றின் பின்புறம் சோதனைப் பொத்தானும் பச்சை விளக்கும் இருக்கின்றன. கடையிலேயே அழுத்திப் பாருங்கள்; ஒரு கணினியில் மாட்டி அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவதுக்குப் பெரும்பாலும் கொழும்பை நாட வேண்டியிருக்கிறது. நான் உதயதேவி ரயிலில் போய் வரும் தம்பி ஒருவரிடம் சொல்லி, பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் வாங்குவிப்பேன். பார்க்க வேண்டியது 80 பிளஸ் முத்திரை. சுமை 20, 50, 100 சதவீதமாக இருக்கும்போதும் வினைத்திறன் (உள்ளே எடுக்கும் மின்சாரத்தில் கணினிக்குப் போய்ச் சேரும் பங்கு) 80 சதவீதத்துக்குக் குறையவில்லை என்பதற்கான சான்று அது. பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆனாலும் அந்த அளவை எட்டுவதற்கு உள்ளே ஒழுங்கான சுற்று இருந்தாக வேண்டும். விலை மலிவானதைப்போலப் பல மடங்கு. உத்தரவாதம் சில வருடங்களுக்கு உண்டு, ஆனால் பழுதானால் திருப்பி அனுப்பக் கொழும்பு வரை போக வேண்டும். அது ஓர் உண்மையான குறை.

திருத்துவதைப் பலர் எண்ணியும் பார்ப்பதில்லை. காலையில் ஐந்தாறு தடவை அழுத்தினால்தான் எழும்புகிறது, சூடேறியபின் ஒழுங்காக ஓடுகிறது என்றால், காத்திருப்பு நிலையின் 5 வோல்ற்றைத் தரும் பகுதியில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறிய கப்பாசிற்றர் ஒன்று காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளக் சுவரில் இருக்கும்வரை, கணினி ஓடாதபோதும் அந்தப் பகுதி ஓய்வதில்லை. அதனால்தான் முதலில் சாகிறது. தொலைக்காட்சி திருத்தும் அனுபவசாலி ஒருவர் அதைச் சொற்பக் காசில் மாற்றித் தருவார். நீங்களாகத் திறக்காதீர்கள். 230 வோல்ற்றை நேரோட்டமாக்கினால் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்று நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கப்பாசிற்றர் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

அக்காவின் கணினி கடையில் பொருத்தியது, 24 ஊசி. அதற்குக் கொழும்பிலிருந்து 450 வாட் ஒன்றை வரவழைத்து மாட்டினோம். தூக்கியதுமே பாரம் தெரிந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போனவுடன் சுவரின் ஆளியை நிறுத்தி, வெளிச்சம் நிலைத்தபின் மட்டுமே மறுபடி போடுகிறார். வினாத்தாள்களின் அச்சுப் பிரதிகள் பாடசாலை அலுமாரியில் கிடைத்தன. மாலை வேளைகளில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறார். தரம் 8 வரை முடிந்திருக்கிறது.