பெறாமகனுக்காக யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை தேடியபோது

அம்மாவின் ஆட்டத்திவசத்துக்காக மெல்பேணிலிருந்து ஐந்து கிழமை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. தங்கச்சியின் மகனுக்கு, அதாவது என் பெறாமகனுக்கு, 20 வயது. உயிரியல் பிரிவில் உயர்தரம் இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டான். பல்கலைக்கழகம் போக இனி ஒரு தரம்தான் மிச்சம். நேரம் மாறிய நித்திரையில் நான் இரவு மூன்று மணிக்கு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனால், அவனுடைய அறையில் லைட் எரியும். பகலில் பன்னிரண்டு மணி மட்டும் படுக்கை. ரியூசனுக்கு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறவன் குளத்தடியில் தனியே இருந்துவிட்டு வருகிறான் என்பது பிறகுதான் தெரிய வந்தது. முன்பு ஒரே இருப்பில் ஆறு பால் அப்பம் சாப்பிடுவான். இப்போது ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி அவனுடைய போனின் மேல்தான் பழியைப் போட்டாள். கண்ணூறாக இருக்கும் என்று கழிப்பும் கழித்தாயிற்று, கோயிலில் நூலும் கட்டியாயிற்று. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைக்காகத் தனக்குத் தெரிந்த எல்லாக் கதவையும் தட்டியிருந்தாள். ஆனால் நான் இதை ஏற்கெனவே ஒரு தரம் பார்த்தவள். என் மகளுக்கு 16 வயதில் இதே முகம் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் 12 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கென்று ஹெட்ஸ்பேஸ் என்ற மனநல மையங்கள் நடக்கின்றன. பிள்ளை தானாகவே போய்க் கதைக்கலாம். அங்கே முதலில் போய்வந்த பிறகு, குடும்ப டொக்டர் எழுதித் தந்த மனநலத் திட்டத்தோடு ஓர் உளவியலாளரிடம் மகளைக் கூட்டிப்போனோம். அங்கத்தைய அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் வருடத்துக்கு 10 அமர்வுகளுக்கு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தரும். அந்த உளவியலாளரிடம் நேரம் கிடைக்க எட்டுக் கிழமை காத்திருந்தோம். அந்த எட்டுக் கிழமையும் நான் மகளுடைய அறைக்கு வெளியில் பாய் விரித்துப் படுத்தேன். அதனால்தான் ஊரில் தங்கச்சி, 'லீவு முடியட்டும் அக்கா, பிறகு பாப்பம்' என்று சொன்னபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் பள்ளிக்கூடத்தை யோசித்தேன். வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் பொறுப்பாக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவன் மூன்றாம் தரம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எடுக்கிறவன். பள்ளிக்கூட இடாப்பில் பெயர் இல்லை, ரியூட்டரியிலோ ஒரு வகுப்பில் இருநூறு பேர். 19, 20 வயதில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற ஒரு இசற்புள்ளியில் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிள்ளைகளை யாருமே எண்ணிக் கணக்கெடுப்பதில்லை.

அடுத்தது பிரதேச செயலகம். அங்கே உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங் செய்கிற உத்தியோகத்தர் இருக்கிறார், காசு எதுவும் இல்லை, முன்பதிவும் தேவையில்லை. எங்கள் சனத்தில் பலருக்கு இது தெரியாது. கூப்பன், காணி உறுதி, பென்சன் அலுவல்களுக்குத்தான் போவோம். நானும் அவனும் ஓட்டோவில் போனோம். உத்தியோகத்தர் முப்பது வயது மதிக்கத்தக்க பிள்ளை, நல்ல அமைதியான குரல். ஆனால் அவருடைய மேசை ஒரு பெரிய மண்டபத்தின் மூலையில், நெஞ்சளவு உயரப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கோவை தேடிக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் முதியோர் கொடுப்பனவுக்கு வந்த அம்மாமார் வாங்கில். பெறாமகன் கதிரையின் நுனியில் இருந்து தன் செருப்பையே பார்த்தான். கேட்டதற்கெல்லாம் 'ஓம்', 'இல்லை'. பிறகு என் காதுக்குள் சொன்னான்: 'பெரியம்மா, அந்த முன்மேசையில இருக்கிறவ அம்மாவோட படிச்சவ.'

உத்தியோகத்தருக்கு அது கேட்டிருக்க வேண்டும். கொப்பியை மூடிவிட்டு, 'வாங்கோ தம்பி, வெளியில நடப்பம்' என்று எழும்பினார். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். நான் ஓட்டோவிலேயே இருந்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் இருவரும் அந்த மரத்துக்கும் மதிலுக்கும் இடையில் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவன் கைகளை அசைத்துக் கதைப்பது தூரத்தில் தெரிந்தது. மாதக்கணக்கில் அவன் யாரோடும் அப்படிக் கதைத்ததில்லை. திரும்பி வந்த உத்தியோகத்தர் என்னிடம் அவன் சொன்னது எதையும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. 'டொக்டரிட்டக் காட்டினால் நல்லது, கடிதம் தாறன். பிந்த வேண்டாம்' என்று மட்டும் சொன்னார்.

கடிதம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் உளமருத்துவப் பிரிவுக்கு. வீட்டில் அன்றைக்குப் பெரிய பிரச்சினை. தங்கச்சி கேட்டாள்: 'தெல்லிப்பழைக்கோ? சனம் என்ன கதைக்கும்? நாளைக்குப் பெட்டைக்குக் கலியாணம் பேசேக்க இதைத்தானே சொல்லுவினம்.' மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடங்களான அங்கொடைக்கு அனுப்ப வேணும், மந்திகைக்கு அனுப்ப வேணும் என்று ஒருவரையொருவர் வைது வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொற்கள் எங்கள் வாயை விட்டு இன்னும் போகவில்லை. மச்சான் நடுவழி சொன்னார்: நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பின்னேரம் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணுவோம், ஒருவருக்கும் தெரியாது. சரி என்று போனோம். இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது நான்கு நிமிடம். தங்கச்சிதான் முழுக்கக் கதைத்தாள். டொக்டர் அவனைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நித்திரைக் குளிசை எழுதிய துண்டோடு வெளியில் வந்தபோது, 'இனி எங்கயும் வரமாட்டன்' என்றான் அவன்.

அன்றிரவு அவனுடைய கட்டில் விளிம்பில் இருந்து நேரே கேட்டேன்: 'அப்பன், சாக வேணும் எண்டு நினைச்சிருக்கிறியோ?' கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பிழை. என் மகளோடு இருந்த காலத்தில் எனக்கு முதலில் சொல்லித் தந்ததே இதைத்தான். கேட்டால் பாரம் இறங்கும், தனியே இல்லை என்று பிள்ளைக்கு விளங்கும். அவன் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஓம் என்று தலையை ஆட்டினான். 1926 என்ற இலக்கத்தை அவனுடைய போனில் பதிந்து கொடுத்தேன். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். 1333 என்று இன்னொரு இலவச இலக்கமும் இருக்கிறது. பிறகு அவனுடைய அறை வாசலில் பாய் விரித்தேன்.

விடிய தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். தங்கச்சியும் வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு வேறொரு பயம்: இதை டொக்டரிடம் சொன்னால் பொலிஸ் வருமோ? டொக்டரிடமே கேட்டாள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் இலங்கையில் 1998 இலேயே எடுபட்டுவிட்டது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

உளமருத்துவப் பிரிவில் டொக்டர் முதலில் எங்கள் இருவரையும் வெளியில் இருக்கச் சொன்னார். பிள்ளையோடு தனியே, கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பது நிமிடம். பிறகு கூப்பிட்டார். மனச்சோர்வு நோய், குணப்படுத்தலாம் என்றார். மருந்து பிடிக்க இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும், இந்த வயதுப் பிள்ளைகளை முதல் சில கிழமைகள் கிட்ட இருந்து கவனிக்க வேண்டும், அடுத்த கிழமையே மறுபடி வர வேண்டும், மருந்தோடு கதைக்கிறதும் நடக்க வேண்டும். எல்லாம் இலவசம். மெல்பேணில் எட்டுக் கிழமை காத்திருந்தவளுக்கு ஒரே காலையில் இது கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுப் போகிற எங்கள் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போருக்கு நடுவில், மின்சாரமும் மருந்தும் இல்லாத காலத்தில் இங்கே உளமருத்துவத்தைக் கட்டிக் காத்தார்கள். சாந்திகம் என்ற யாழ்ப்பாணத்து உளவளத்துணை நிறுவனம் 1987 இல் தொடங்கி உளவளத்துணையாளர்களைப் பயிற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குக் கிராமங்களில் வேலை செய்கிறவர்களிடம் இருக்கிற அனுபவம் அங்கிருந்தெல்லாம் வந்தது.

டொக்டர் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி இடைமறித்தாள்: 'டொக்டர், நாங்கள் பட்டதை விடவா இவனுக்குக் கஷ்டம்?' யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்த எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. நானும் என் மகளிடம் கேட்டிருக்கிறேன். டொக்டர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். 'நீங்கள் என்ன பட்டனீங்கள் அம்மா?' என்று கேட்டார். தங்கச்சி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து வலிகாமமே ஒரு இரவுக்குள் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போன நாள். மழை. செம்மணி றோட்டில் நகர முடியாத சனம். தங்கச்சிக்கு அப்போது 17 வயது, புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் நடந்தாள். அவளும் உயர்தரம் எடுக்க இருந்தவள்தான். அதைப்பற்றி அவள் என்னிடம்கூட ஒரு நாளும் கதைத்ததில்லை. மகன் தன் தாயை முதல்தரம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். 'உங்களுக்கும் கதைக்க வேணுமெண்டால் இஞ்ச வரலாம்' என்று சொல்லி டொக்டர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

வெளிக்கிடுவதற்கு முன் பிரதேச செயலக உத்தியோகத்தரைப் போய்ப் பார்த்து நன்றி சொன்னேன். மெல்பேணில் எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் ஊருக்குக் காசு அனுப்புகிறது. மதில், மேடை, கணினி என்று எல்லாம் செய்தாயிற்று. உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். 'சின்ன அறை ஒண்டு, கதவோட. இரண்டு கதிரை. ஒரு ஃபான், பழசெண்டாலும் பரவாயில்லை. சத்தம் போடுற ஃபான்தான் நல்லது, உள்ள கதைக்கிறது வெளியில கேக்காது.' இதைச் சங்கக் கூட்டத்தில் அப்படியே சொல்லப் போகிறேன். ஊரில் பழைய வாசிகசாலைக் கட்டடம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் புத்தகம் எடுக்கப் போவதுபோல அங்கே போகலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அரச அலுவலகத்துக்கு வெளியே கிழமைக்கு ஒரு நாள் உத்தியோகத்தரை இருத்துவதற்கு அனுமதி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கான கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன்.

நான் திரும்பி வந்து ஆறு கிழமை. பெறாமகன் இந்த முறை பரீட்சை எடுப்பதா, அடுத்த வருடமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அவசரப்படுத்த வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு தங்கச்சி போன் எடுத்தாள். அவன் கிளினிக்குக்குத் தனியே சைக்கிளில் போய்வருகிறானாம், இரவில் நித்திரை வருகிறதாம், மூன்று அப்பம் சாப்பிட்டானாம். வேறு கதையெல்லாம் கதைத்து, வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: 'அக்கா, எனக்கும் ஒரு கிளினிக் கொப்பி போட்டுத் தந்திருக்கினம்.'